இன்டர்ன்ஷிப் முடிய இன்னும் 5 வாரம்: கிராஜுவேட் புரோகிராமுக்குள் எப்படிப் போவது?

கேள்வி: கடைசி செமஸ்டர்

வணக்கம். 12 வார இன்டர்ன்ஷிப்பில் 7 வாரம் முடிந்திருக்கிறது. ஆபரேஷன்ஸ் டீம். வாராந்திர டெலிவரி ரிப்போர்ட்டை ஆட்டோமேட் செய்வதும், அதை வைத்து ஒரு டாஷ்போர்டு (முக்கிய அளவுகளை ஒரே திரையில் காட்டுவது) போடுவதும் எனக்குக் கொடுத்த ப்ராஜெக்ட். ரிப்போர்ட் முக்கால்வாசி முடிந்துவிட்டது. டாஷ்போர்டில் இன்னும் கைவைக்கவில்லை.

இதே கம்பெனியில் 24 மாத கிராஜுவேட் புரோகிராம் இருக்கிறது. 6 மாதத்துக்கு ஒரு டிபார்ட்மென்ட் என்று 4 ரொட்டேஷன். அதில் சேர ஆசை. மிட் ரிவியூவில் மேனேஜர் "நல்லா பண்றீங்க" என்றார். புரோகிராம் பற்றிக் கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார், அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. இதற்கிடையில் போர்ட்டலில் விண்ணப்பம் திறந்துவிட்டது. கடைசித் தேதிக்கு 3 வாரம்.

நானாக விண்ணப்பிக்கலாமா, அவர்களாகக் கூப்பிடும் வரை காத்திருக்கணுமா? மேனேஜரை மறுபடி கேட்டால் நச்சரிப்பதாகத் தெரியுமா? டாஷ்போர்டு முடியாமல் போனால் கதை முடிந்ததா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஆள்சேர்ப்பு மேசை

அந்த "பார்க்கலாம்" உங்களைப் பற்றிய தீர்ப்பு அல்ல. ஒரு இன்டர்ன் புரோகிராமுக்குள் வர மூன்று விஷயங்கள் ஒத்துவர வேண்டும்: மேனேஜர் போடும் ரேட்டிங், அடுத்த பேட்ச்சுக்கு ஃபைனான்ஸ் ஒப்புக்கொண்ட ஹெட்கவுண்ட் (எத்தனை பேரை எடுக்கலாம் என்ற எண்ணிக்கை), நீங்கள் கேட்கும் பிரிவில் காலியிடம். இதில் முதலாவது மட்டும்தான் உங்கள் மேனேஜர் கையில் இருக்கிறது. ஹெட்கவுண்ட் முடிவாகும் முன்பே "உனக்கு உறுதி" என்று அவர் வாய்விட்டால், பிறகு இடம் இல்லை என்று வரும்போது மாட்டிக்கொள்வது அவர்தான். அதனால் நல்ல மேனேஜர்களும் இந்தக் கட்டத்தில் மழுப்பத்தான் செய்வார்கள்.

ரேட்டிங் எப்படி முடிவாகிறது என்று தெரிந்தால் உங்கள் 5 வாரத்தைச் சரியாகப் பிரித்துக்கொள்வீர்கள். மேனேஜர் ஒரு மதிப்பீட்டுப் படிவம் நிரப்புவார். பிறகு எல்லா டீம் மேனேஜர்களும் ஹெச்ஆரோடு உட்கார்ந்து ரேட்டிங்குகளைச் சமன் செய்வார்கள். ஒருவர் கை தாராளம், இன்னொருவர் கை இறுக்கம். அதைச் சரிக்கட்டத்தான் இந்தக் கூட்டம். ஒவ்வொரு இன்டர்னுக்கும் அங்கே கிடைப்பது சில நிமிடங்கள். "என்ன செய்தார், எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். உங்கள் மேனேஜர் கையில் இருப்பது படிவத்தில் அவர் எழுதிய நாலைந்து வரிதான். நீங்கள் அந்த அறையில் இருக்க மாட்டீர்கள். ஆகவே அந்த நாலைந்து வரிக்கான சரக்கை முன்கூட்டியே அவர் கையில் சேர்ப்பது உங்கள் வேலை.

இந்தக் கூட்டம் பெரும்பாலும் இன்டர்ன்ஷிப் முடிவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே நடந்துவிடும். 12வது வாரத்தில் நீங்கள் தரும் பிரசன்டேஷன் அதற்குள் போகாது. உங்கள் உண்மையான டெட்லைன் 10வது வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான தேதியை ஹெச்ஆரிடம் நேராகவே கேட்கலாம்: "மேனேஜர் மதிப்பீடு எந்தத் தேதிக்குள் போக வேண்டும்?" இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

போர்ட்டலுக்கு வருகிறேன். இன்றே விண்ணப்பியுங்கள். மேனேஜர் எவ்வளவு விரும்பினாலும், சிஸ்டத்தில் விண்ணப்பம் இல்லாதவருக்கு ஆஃபர் லெட்டர் எடுக்க முடியாத கம்பெனிகள் நிறைய. கடைசித் தேதி வரை காத்திருப்பதும் வேண்டாம். வர வரப் பார்த்து இடத்தை நிரப்பும் முறை என்றால், கடைசி வாரத்தில் வரும் விண்ணப்பத்துக்கு மிச்சமே இருக்காது.

நிரப்பும்போது கவனிக்க வேண்டியவை சில. "இந்த நிறுவனத்தில் முன்பு பணியாற்றியிருக்கிறீர்களா" என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டு இன்டர்ன் ஐடியையும் கொடுங்கள். அந்த ஒரு டிக்தான் உங்களைப் பொது வரிசையிலிருந்து எடுத்து இன்டர்ன் வரிசையில் போடும். ஆன்லைன் டெஸ்ட்டோ முதல் இன்டர்வியூவோ தள்ளுபடி ஆவதும் அதனால்தான். அடுத்தது மெயில். சொந்த மெயிலைக் கொடுங்கள், அலுவலக மெயிலைக் கொடுக்காதீர்கள். கடைசி நாளன்று அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள். ஆஃபர் லிங்க் அதற்குப் போனால் எங்கள் பக்கம் "அனுப்பப்பட்டது" என்று பச்சையாகக் காட்டும், உங்கள் பக்கம் ஒன்றும் வராது, லிங்க் காலாவதியாகும். இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பித்த பழைய கணக்கு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். புதிதாக இன்னொன்று திறந்தால் உங்கள் இன்டர்ன் ரேட்டிங் பழைய கணக்கில் தங்கிவிடும்.

ஒரு சுற்றுக்கு ஒரே விண்ணப்பம்தான் என்ற விதி பல இடங்களில் உண்டு. ஆபரேஷன்ஸ், ஃபைனான்ஸ் என்று இரண்டுக்கும் போட்டுவைப்போம் என்று நினைத்தால் இரண்டாவது தானாக நிராகரிக்கப்படலாம். சில சிஸ்டத்தில் முதலாவதும் சேர்ந்து போகும். எந்தப் பிரிவு என்று முடிவு செய்த பிறகே சப்மிட்டை அழுத்துங்கள்.

பதில்: டீம் லீட் பார்வை

மேல சொன்னது எல்லாம் சரி. நான் ப்ராஜெக்ட் பக்கம் சொல்றேன்.

டாஷ்போர்டை இப்போ ஆரம்பிக்காதீங்க. 5 வாரத்துல ரெண்டையும் பிடிச்சா ரெண்டும் அரைகுறையாத்தான் நிக்கும். நீங்க போன பிறகும் ஓடுற ஒரு ரிப்போர்ட், பாதியில நிக்கிற ரெண்டு வேலையைவிட எவ்வளவோ மேல். ஆனா சும்மா விட்டுடக் கூடாது. விடறதை இந்த வாரமே எழுத்துல சொல்லணும். இந்த மாதிரி ஒரு மெயில் போதும்:

"ரிப்போர்ட்டை 10வது வாரத்துக்குள் முழுசாக முடித்து டீமிடம் ஒப்படைக்கிறேன். டாஷ்போர்டு இந்த அவகாசத்தில் வராது என்று நினைக்கிறேன். அதற்குப் பதில், டாஷ்போர்டில் என்னென்ன அளவுகள் வர வேண்டும், தரவு எங்கிருந்து எடுக்கணும் என்று ஒரு பக்கக் குறிப்பு தருகிறேன். சரியா?"

7வது வாரத்துல இது திட்டமிடல். 11வது வாரத்துல இதையே சொன்னா சாக்கு.

அடுத்து, "முடிஞ்சது"ன்னா என்னன்னு ஒரு வரையறை வேணும். என் அளவுகோல்: வேற ஒருத்தர், உங்களைக் கேட்காம, அந்த ரிப்போர்ட்டை ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரை ரெண்டு தடவை ஓட்டியிருக்கணும். அதுக்கு முன்னாடி 8, 9வது வாரத்துல உடையுற இடங்களைத் தேடிப் பிடிங்க. காலியான வரி வந்தா என்ன ஆகும்? ஒரே ஆர்டர் நம்பர் ரெண்டு தடவை வந்தா? தேதியில நாளும் மாசமும் இடம் மாறி வந்தா? (இதுதான் ரொம்ப மோசம். 12ஆம் தேதி வரைக்கும் பிழையே காட்டாது, தப்பான மாசத்துல போய்ச் சத்தமில்லாம உட்கார்ந்துக்கும்.) திங்கட்கிழமை ஃபைலே வரலைன்னா பழைய வார ஃபைலை எடுத்து ஓட்டிடுதா, இல்லை நின்னு சொல்லுதா?

10வது வாரத்துல டீம்ல ஒருத்தரை உட்கார வெச்சு, உங்க குறிப்பை மட்டும் கொடுத்து ஓட்டச் சொல்லுங்க. பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க. மவுஸைப் பிடுங்காதீங்க. அவர் எங்கெல்லாம் தயங்கி உங்க முகத்தைப் பார்க்குறாரோ, அங்கெல்லாம் குறிப்புல ஒரு வரி குறையுதுன்னு அர்த்தம். குறிச்சுக்கிட்டுச் சேர்த்துடுங்க.

ஹேண்ட்ஓவர் குறிப்பு 2, 3 பக்கத்துக்கு மேல போனா யாரும் படிக்க மாட்டாங்க. இது என்ன பண்ணுது, தரவு எங்கேர்ந்து வருது, அந்தத் தரவுக்கு யார் பொறுப்பு, என்ன அனுமதி வேணும், ஓட்டுற படிகள், தெரிஞ்ச கோளாறுகள், மிச்சம் இருக்குற வேலை. அவ்வளவுதான்.

இன்டர்ன் வேலையில அடிக்கடி நடக்குற ஒரு விபத்து இருக்கு. தானா ஓடுற ஜாப்பை உங்க லாகின்லயே வெச்சிருப்பீங்க. ஃபைல் பாதை உங்க டெஸ்க்டாப்பைக் காட்டும். நீங்க வெள்ளிக்கிழமை கிளம்புவீங்க, ஐடி உங்க கணக்கை மூடும், திங்கட்கிழமை காலையில ரிப்போர்ட் வராது. "அந்த இன்டர்ன் பண்ணது உடைஞ்சுபோச்சு"ன்னு ஒரு பேச்சு கிளம்பும், அதுவும் ஆஃபர் பேப்பர் சுத்திக்கிட்டு இருக்குற நேரத்துல. அதனால 9வது வாரத்துக்குள்ள டீமோட பொதுக் கணக்குக்கு மாத்துங்க, ஃபைல்களைப் பகிர்ந்த ஃபோல்டருக்குக் கொண்டு போங்க. ஐடிகிட்ட அனுமதி வாங்கவே ஒரு வாரம் போயிடும், இப்பவே ஐடிக்குக் கோரிக்கை (டிக்கெட்) போட்டுடுங்க.

எண்களை மறந்துடாதீங்க. பழைய முறையில ரிப்போர்ட் போட எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அந்த முறை உயிரோட இருக்கும்போதே 3 தடவை அளந்து வெச்சுக்கோங்க. புது முறை வந்த பிறகு பழசை அளக்க முடியாது. படிவத்துல "டீமுக்கு நேரம் மிச்சமானது"ன்னு எழுதினா சமன் செய்யுற கூட்டத்துல யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டாங்க. "வாரத்துக்கு 3 மணி நேரம் எடுத்தது 35 நிமிஷம் ஆனது, 4 வாரம் பழைய ரிப்போர்ட்டோட ஒப்பிட்டதுல 2 இடத்துல வித்தியாசம், ரெண்டும் பழசுல இருந்த கைப்பிழை"ன்னு எழுதினா அதுக்கு மறுகேள்வி வராது. எண்ணிக்கை உங்களோடதா இருக்கட்டும், உதாரணத்துக்குச் சொன்னேன்.

மேனேஜரைக் கேட்கலாமான்னா, தாராளமா கேளுங்க. கேக்குற கேள்வியை மட்டும் மாத்துங்க. "கிடைக்குமா சார்?"னு கேட்டா "பார்க்கலாம்"தான் பதில், வேற என்ன சொல்ல முடியும்? நடைபாதையில நிறுத்திக் கேட்காம, காலண்டர்ல 15 நிமிஷம் போட்டு இப்படிக் கேளுங்க: "என்னைப் பத்தி மதிப்பீடு எழுத உட்காரும்போது எந்த இடத்துல யோசிப்பீங்க?" கேட்டுட்டு வாயை மூடிக்கணும். அந்த மௌனம் சங்கடமா இருக்கும், இருக்கட்டும். அவர் ஒரு விஷயம் சொல்வார்: கூட்டத்துல பேசறதே இல்லை, மாட்டிக்கிட்டா ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொல்றீங்க, இப்படி ஏதாவது. எழுதிக்கோங்க, எதிர்வாதம் வேண்டாம். 10 நாள் கழிச்சு அதுக்கு என்ன பண்ணீங்கன்னு ரெண்டு வரியில சொல்லுங்க. கூடவே, "உங்களைத் தவிர யார்கிட்ட என்னைப் பத்திக் கருத்து கேட்பாங்க?"ன்னும் கேட்டு வெச்சுக்கோங்க. பல தடவை அது நீங்க கவனிக்காத ஆளா இருக்கும். உங்களுக்குத் தரவு கொடுக்குற பக்கத்து டீம்காரர் மாதிரி.

மதிப்பீட்டுத் தேதிக்கு 4, 5 நாள் முன்னாடி மேனேஜருக்கு அரைப் பக்கச் சுருக்கம் அனுப்புங்க. செஞ்சது, எண், யார் பயன்படுத்துறாங்க, என்ன தப்பாச்சு, எப்படித் திருத்தினீங்க, என்ன மிச்சம். அவர் அதுலேர்ந்து வரியை அப்படியே எடுத்துப் போட்டுக்குவார். பிஸியா இருக்குற ஆளுக்கு அது உபகாரம்.

பதில்: மாற்றுக் கருத்து

டாஷ்போர்டை விடுங்கள் என்று மேலே சொன்னதில் ஒரு திருத்தம். விடுவதற்கு முன், இரண்டில் எதை உங்கள் மேனேஜர் தன் மேலதிகாரிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று கேளுங்கள். ரிப்போர்ட் டீமுக்குள் மட்டும் புழங்குவது, டாஷ்போர்டு மேலே இருப்பவர் கேட்டது என்றால், நீங்கள் விட்டது அவருடைய வாக்கு. அப்படியானால் ஒரே திரையில் 3 அளவுகளோடு மட்டும் ஒரு சிறு டாஷ்போர்டு போட்டு, ரிப்போர்ட்டின் ஓரங்களை வெட்டுங்கள்.

கடைசிப் பிரசன்டேஷனுக்கு எல்லோரும் உயிரைக் கொடுக்கிறார்கள். தேவையில்லை. 10 நிமிடம் என்றால் 5 ஸ்லைடு. நேரலையில் ஓட்டிக் காட்டாமல் முன்பே பதிவு செய்த ஒரு நிமிட வீடியோ. போதும். மிஞ்சும் நேரத்தில் இப்போது புரோகிராமில் இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் 20 நிமிடம் பேசுங்கள். எந்த ரொட்டேஷனில் உண்மையான வேலை தருகிறார்கள், எதில் ஸ்லைடு மட்டும் போட வைக்கிறார்கள், முடிவில் எத்தனை பேருக்கு நிரந்தர இடம் கிடைத்தது: இவை எந்த பிரோஷரிலும் வராது.

கடைசி செமஸ்டர்:

எல்லோருக்கும் நன்றி. டாஷ்போர்டு மேலிடத்துக்கு இல்லை என்று உறுதி செய்துகொண்டேன், மெயிலும் அனுப்பியாயிற்று. ஹெச்ஆரிடமும் கேட்டேன். மதிப்பீட்டுத் தேதி 10வது வாரம் புதன்கிழமை. இன்டர்ன்களுக்கு ஆன்லைன் டெஸ்ட் கிடையாதாம், ஆனால் அசெஸ்மென்ட் சென்டருக்கு (ஒரே நாளில் பல பயிற்சிகள் வைத்து மார்க் போடும் தேர்வு) எல்லோரும் வரணுமாம். வெளியிலிருந்து வருபவர்களோடு சேர்த்து உட்கார வைத்தால், ஏற்கெனவே உள்ளே வேலை பார்ப்பது கைகொடுக்குமா? இன்னொன்று: ஆஃபர் வந்தால் 5 நாளில் பதில் சொல்லணும் என்கிறார்கள். அவ்வளவுதான் நேரமா?

பதில்: மதிப்பீட்டாளர் நாற்காலி

கைகொடுக்கும், ஆனால் நீங்கள் நினைக்கும் விதத்தில் அல்ல. அந்த நாளில் மார்க் போடுபவர்கள் உங்கள் டீமைச் சேர்ந்தவர்களாக இல்லாதபடி பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் முன் இருப்பது ஒரு அட்டவணை: ஒரு பக்கம் திறன்கள், மறு பக்கம் 1 முதல் 5 வரை மார்க். காதால் கேட்டதும் கண்ணால் பார்த்ததும் மட்டுமே அதில் ஏறும். "இவர் ஏற்கெனவே இங்கே இருக்கிறாரே, தெரிந்திருக்கும்" என்று யாரும் மார்க் போட முடியாது. இன்டர்ன்கள் சறுக்குவது இங்கேதான். எல்லாம் தெரிந்தவர்களிடம் பேசுவதுபோல் பாதி வாக்கியத்தை விழுங்கிவிடுவார்கள், டீமுக்குள் புழங்கும் சுருக்கப் பெயர்களை அப்படியே விடுவார்கள்.

வழக்கமாக நான்கு பகுதி இருக்கும்: குழுப் பயிற்சி, கேஸ் ஸ்டடி அல்லது இன்பாக்ஸ் பயிற்சி, சிறு பிரசன்டேஷன், இன்டர்வியூ. ஒரு பகுதியில் சொதப்பினால் நாள் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கடைசியில் மதிப்பீட்டாளர்கள் எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொருவரின் மார்க்கையும் மொத்தமாகப் பார்ப்பார்கள். ஒரே திறனை இரண்டு மூன்று பயிற்சியில் அளப்பதே அதற்காகத்தான். காலையில் குழுவில் பேசாமல் இருந்தவர் மதியம் பிரசன்டேஷனில் ஈடுகட்டலாம். காலையில் சறுக்கியதை நினைத்து மதியமும் சுருங்கிப்போனால்தான் ஆபத்து.

குழுப் பயிற்சியில் அதிகம் பேசியவருக்கு அதிக மார்க் என்பது தவறான நம்பிக்கை. 40 நிமிடப் பயிற்சியில் 25வது நிமிடத்தில் "இன்னும் 15 நிமிடம்தான், மூன்றில் ஒன்றை இப்போது தேர்ந்தெடுப்போமா?" என்று கேட்பவர், வாயே திறக்காத ஒருவரிடம் "இந்தச் செலவுக் கணக்கை நீங்கள் பார்த்தீர்களே, சரியாக வருகிறதா?" என்று இழுத்துவருபவர், இவர்கள் சொன்னதைத்தான் மதிப்பீட்டாளர் அப்படியே எழுதிக்கொள்வார். இன்டர்ன் செய்யும் தவறு, "எங்கள் கம்பெனியில் இதை இப்படிச் செய்வதில்லை" என்று வெளியாட்களை அடக்குவது. அந்த ஒரு வாக்கியம் கூட்டுழைப்புக்கான மார்க்கைக் கீழே தள்ளும்.

இன்பாக்ஸ் பயிற்சியில் 15, 20 மெயில் கொடுத்து எதை முதலில் செய்வீர்கள் என்பார்கள். முதல் 5 நிமிடம் எதற்கும் பதில் எழுதாமல் எல்லாவற்றையும் படித்துவிடுங்கள். 3வது மெயிலில் வரும் அவசரத்தை 14வது மெயில் ரத்து செய்திருக்கும். வேண்டுமென்றே அப்படி வைத்திருப்பார்கள்.

இன்டர்வியூவுக்குச் சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற நான்கு படியில் பதில் தயாரிக்கச் சொல்வார்கள். அது சரி. ஆனால் பெரும்பாலோர் சூழலிலேயே பாதி நேரத்தைக் கரைத்துவிடுகிறார்கள். 2 நிமிடப் பதில் என்றால் சூழலுக்கும் பொறுப்புக்கும் சேர்த்து 30 விநாடி, செயலுக்கு ஒரு நிமிடம், மிச்சம் விளைவுக்கு. 12 வாரத்திலிருந்து 6 சம்பவம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று தவறு செய்த சம்பவமாகவும், ஒன்று ஒருவரோடு கருத்து மோதிய சம்பவமாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் ஆள் தயாராக வருவதே இல்லை.

நம் ஆட்களுக்கென்றே ஒரு பழக்கம் உண்டு. "செய்தேன்" என்று சொல்ல நாக்குக் கூசும். எல்லாமே "செய்தோம், பார்த்தோம், முடித்தோம்" என்று வரும். அடக்கம்தான். ஆனால் அட்டவணையோடு உட்கார்ந்திருப்பவருக்கு அதில் உங்கள் பங்கு எது என்று தெரியாது, மார்க் போட இடமே இருக்காது. பதிலை எழுதிப் பார்த்து வினைமுற்றுகளை மட்டும் எண்ணுங்கள். செயல் பகுதியில் பத்து வினை இருந்தால் குறைந்தது ஏழு வினை "செய்தேன்" என்பதுபோல் "-ஏன்" விகுதியில் முடியட்டும். டீம் செய்ததை டீம் செய்தது என்றே சொல்லுங்கள், அது நேர்மை. உங்களுடையதை ஒளிக்காதீர்கள், அவ்வளவே.

உதாரணங்களுக்காக அலுவலக ஃபைல்களைச் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். வெளியே போகும் இணைப்புகளைக் கண்காணிக்கும் மென்பொருள் பல அலுவலகங்களில் ஓடுகிறது. நல்ல எண்ணத்தோடு அனுப்பினாலும் அது ஒரு தகவல் கசிவுப் புகாராகத்தான் ஹெச்ஆர் மேசைக்கு வரும். வாடிக்கையாளர் பெயர், தொகை எதுவும் இல்லாமல் கையால் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

பதில்: ஷரத்து வாசகர்

5 நாள் என்றால் கூட்டிக் கேட்கலாம். விதிமுறை இதுதான்: ஆஃபர் வந்த அன்றோ மறுநாளோ கேட்க வேண்டும், 4வது நாள் இரவு அல்ல. ஒரு குறிப்பிட்ட தேதியைச் சொல்லுங்கள், காரணமும் சொல்லுங்கள். "ஆஃபருக்கு நன்றி. 18ஆம் தேதி இன்னொரு நிறுவனத்தின் முடிவு வருகிறது. 20ஆம் தேதி உறுதியான பதில் தருகிறேன், இயலுமா?" என்று எழுதினால் பெரும்பாலும் சில நாள் கிடைக்கும். "கொஞ்சம் யோசிக்கணும்" என்றால் கிடைக்காது. இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லாதீர்கள். காட்டச் சொன்னால் வழியில்லை.

சம்பளத்தில் பேரம் பேச அதிக இடம் இருக்காது. பேட்ச் முழுவதற்கும் ஒரே தொகை என்று வைத்திருப்பார்கள், ஒருவருக்குக் கூட்டினால் எல்லோருக்கும் கூட்ட வேண்டிவரும். நகரக்கூடியவை சேரும் தேதி, முதல் ரொட்டேஷன், ஊர். அதனால் பேச்சை அங்கே வையுங்கள். முதல் ரொட்டேஷனாக இப்போதைய டீமையே கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஏற்கெனவே தெரிந்த இடத்தில் 6 மாதம் சௌகரியமாகக் கழியும், அவ்வளவுதான். பல இடங்களில் கடைசி ரொட்டேஷன் எங்கேயோ அங்கேதான் நிரந்தர நாற்காலி. இந்த டீமில் நிலைக்க ஆசை என்றால் அதை 4வதாகக் கேளுங்கள்.

ஆஃபர் லெட்டரில் முதல் பக்கத்துத் தொகையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுபவர்கள்தான் அதிகம். பின் பக்கங்களில் தேட வேண்டியவை: இது நிரந்தர வேலையா, 24 மாத ஒப்பந்தமா? ஒப்பந்தம் என்றால் முடிவில் இடம் உறுதியா, மறுபடி விண்ணப்பிக்கணுமா? ப்ரொபேஷன் (தகுதிகாண் காலம்) புதிதாகத் தொடங்குகிறதா, இன்டர்ன்ஷிப் காலம் கணக்கில் வருமா? ரொட்டேஷனுக்கு வேறு ஊர் போகச் சொன்னால் இடமாற்றச் செலவு யாருடையது? நோட்டீஸ் பீரியட் ப்ரொபேஷனில் எவ்வளவு, பிறகு எவ்வளவு?

பாண்ட் (குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஷரத்து) இருந்தால் அந்தப் பத்தியை மூன்று தடவை படியுங்கள். விலகினால் முழுத் தொகையா, மாதாமாதம் குறையுமா? காலக் கணக்கு சேர்ந்த நாளிலிருந்தா, 24 மாதம் முடிந்த பிறகா? இந்த ஒரு சொல்லில் உங்கள் கட்டுப்பாடு இரட்டிப்பாகலாம். கம்பெனியே அனுப்பினாலும் கட்டணுமா? மூன்றுக்கும் பதிலை மெயிலில் வாங்குங்கள். ஃபோனில் "அதெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க" என்று சொல்வதற்குக் காகிதத்தில் மதிப்பில்லை.

ஆஃபர் பெரும்பாலும் நிபந்தனையோடுதான் வரும்: இவ்வளவு மதிப்பெண், இந்தத் தேதிக்குள் பட்டச் சான்றிதழ், பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன். அரியர் இருந்தாலோ மதிப்பெண் குறையும் என்று தெரிந்தாலோ ரிசல்ட் வரும் முன்பே ஹெச்ஆரிடம் சொல்லுங்கள். முன்கூட்டிச் சொன்னால் தேதியைத் தள்ளவோ விலக்குக் கேட்கவோ வழி உண்டு. சேரும் நாளன்று தெரியவந்தால் அவர்களாலும் ஒன்றும் செய்ய இயலாது. வெரிஃபிகேஷனில் ஆட்களைக் கவிழ்ப்பது தேதிதான். ரெஸ்யூமேயில் இன்டர்ன்ஷிப் இரண்டு வாரம் அதிகமாக இருந்தாலும் "பொருந்தவில்லை" என்று சிவப்பில் வரும். கிளம்பும் முன் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உள்ள அனுபவச் சான்றிதழை வாங்கி, அதிலுள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

இன்டர்ன்ஷிப் முடிந்து புரோகிராம் தொடங்க 9, 10 மாதம் இடைவெளி விழுவது சகஜம். அதற்குள் உங்கள் மேனேஜர் டீம் மாறியிருப்பார், ஹெச்ஆரில் உங்களைத் தெரிந்தவர் போயிருப்பார். இரண்டு மாதத்துக்கு ஒரு மெயில், நாலு வரி, கோரிக்கை எதுவும் இல்லாமல்: ரிப்போர்ட் ஓடுகிறதா என்று விசாரிப்பு, உங்கள் ப்ராஜெக்ட் நிலவரம், சேரும் தேதி குறித்த நினைவூட்டல். அந்தக் காலத்தில் வேறு எங்காவது தற்காலிக வேலை பார்த்தால், அதை மறைக்காமல் வெரிஃபிகேஷன் படிவத்தில் சேர்த்துவிடுங்கள்.

கடைசி செமஸ்டர்:

முதல் பதிலைப் படித்த பிறகுதான் போர்ட்டலைத் திறந்து பார்த்தேன். போன வாரம் ப்ரொஃபைல் உருவாக்கும்போது அலுவலக மெயிலைக் கொடுத்திருக்கிறேன். விண்ணப்பம் இன்னும் சப்மிட் ஆகவில்லை. அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?

பதில்: ஆள்சேர்ப்பு மேசை

அழிக்க வேண்டாம். இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பித்த சொந்த மெயில் கணக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; பாஸ்வேர்டு மறந்திருந்தால் ரீசெட் போடுங்கள். அது திறந்தால் விண்ணப்பத்தை அதில் செய்யுங்கள். அலுவலக மெயில் கணக்கில் உள்ள வரைவைச் சப்மிட் செய்யாமல் அப்படியே விடுங்கள். பழைய கணக்கு கிடைக்கவில்லை என்றால், இப்போதைய கணக்கின் செட்டிங்ஸில் முதன்மை மெயிலைச் சொந்த மெயிலுக்கு மாற்றுங்கள். உறுதிப்படுத்தும் லிங்க் சிலவேளை பழைய மெயிலுக்குத்தான் வரும், அதனால் அலுவலகக் கணக்கு உயிரோடு இருக்கும்போதே செய்தாக வேண்டும். மாற்றிய பின் லாக்அவுட் செய்து புது மெயிலில் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். பிறகு ஹெச்ஆருக்கு ஒரு வரி: இன்டர்ன் ஐடி, விண்ணப்ப எண், இனி இந்த மெயிலுக்கு அனுப்பவும். ஸ்பேம் ஃபோல்டரையும் இனி தினம் ஒரு தடவை பாருங்கள். போர்ட்டலிலிருந்து வரும் தானியங்கி மெயில்கள் அங்கே போய் விழுவது வழக்கம்.